ஸ்டியரிங் முழு ஒடிப்பில் உடைந்த முன் ஆக்ஸில் ஜாயின்ட்: மலைப்பாதையில் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது 2009 மாடல் மாருதி ஜிப்ஸி கிங். பட்டை (லீஃப் ஸ்பிரிங்) உயர்த்தி 31 இன்ச் மட் டயர் போட்டிருக்கிறேன். முன்னால் இருந்த ஃப்ரீ வீல் ஹப்பை (சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து பிரித்துவிடக்கூடிய ஹப்) எடுத்துவிட்டு, எப்போதும் இணைத்தே வைக்கும் ஃபிக்ஸட் ஃபிளேஞ்ச் மாட்டியிருக்கிறேன். டிஃபரன்ஷியல் (முறுக்கை இடது வலது சக்கரங்களுக்குப் பிரித்துவிடும் பல்சக்கரத் தொகுதி) இரண்டும் கம்பெனியில் வந்தபடியே. போன மாதம் வால்பாறைப் பக்கம் நண்பரின் தோட்டத்துப் பாதையில் ஒரு பாறைச் சரிவில் தவறான பக்கம் இறங்கிவிட்டேன். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, லோவில் (ஃபோர் வீலின் மெது கியரில்) ரிவர்ஸ் போட்டு மிதித்தபோது டமார் என்று சத்தம். வலது முன் சக்கரம் இழுக்கவில்லை. நண்பரின் ஜீப் கயிறு கட்டி மேலே இழுத்தது. டூ வீலுக்கு மாற்றி, கடகடவென்ற சத்தத்தோடு தார் ரோடு வரை ஒன்பது கிலோமீட்டர் மெதுவாக இறங்கினேன். இரண்டு வளைவுகளில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டது, ஆட்டியதும் விட்டுவிட்டது. ஜாயின்ட் ஏன் உடைந்தது? அப்படி ஓட்டி வந்தது சரியா? குரோமாலி (உறுதியான கலப்பு எஃகு) ஜாயின்ட்டும், முன்னால் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கரும் போடச் சொல்கிறார்கள், போடலாமா? காட்டில் பேட்டரியை வைத்தே வெல்டிங் அடிக்கலாம் என்கிறார்களே, உண்மையா? கூடவே, 60-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் ஆடுகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: தம்பி, உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஓட்டி வந்தது சரியில்லை. வண்டி இழுக்கவில்லை என்பது அங்கே பெரிய பிரச்சினையே இல்லை. பின் சக்கரம் இரண்டும் நன்றாக இழுத்துக்கொண்டுதான் இருந்தன. ஸ்டியரிங் இரண்டு முறை பிடித்ததே, பிரச்சினை அதுதான்.

ஜிப்ஸியின் முன் ஆக்ஸிலில் சக்கரம் திரும்பும் இடத்தில் உருண்டையான நக்கிள் ஒன்று இருக்கிறது. ஜாயின்ட் அதற்குள்தான் ஓடுகிறது. கிண்ணம் போன்ற வெளிப்பகுதி, நட்சத்திர வடிவ உள்பகுதி, இரண்டுக்கும் நடுவில் ஆறு எஃகு குண்டுகள், குண்டுகளை வரிசை கலையாமல் பிடித்து வைக்க ஒரு கூண்டு. பட்டறைகளில் பர்ஃபீல்டு ஜாயின்ட் என்பார்கள். 1920-களில் ஆல்ஃபிரட் ரெப்பா என்ற பொறியாளர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வடிவமைப்பின் வழிவந்தது. இது உடையும்போது சுத்தமாக இரண்டு துண்டாவதில்லை. கிண்ணத்தின் விளிம்பு பிளக்கும், கூண்டு நொறுங்கும், குண்டுகள் நக்கிளுக்குள் உதிரும். அப்படி உதிர்ந்த ஒரு குண்டோ கிண்ணத்துச் சில்லோ சுவருக்கும் ஜாயின்ட்டுக்கும் நடுவில் ஆப்பாக மாட்டினால் சக்கரம் திரும்பாது. உங்களுக்கு ஆட்டியதும் விட்டது அதிர்ஷ்டம். வால்பாறை இறக்கத்துக் கொண்டை ஊசி வளைவில் அது பிடித்திருந்தால் ஆட்டிப் பார்க்க நேரம் இருந்திருக்காது.

அதிலும் நீங்கள் ஃபிக்ஸட் ஃபிளேஞ்ச் மாட்டியிருக்கிறீர்கள். டூ வீலுக்கு மாற்றினாலும் சக்கரம் சுற்றும்போதெல்லாம் ஷாஃப்டும் ஜாயின்ட்டும் கூடவே சுற்றும். கடகட சத்தம் அதனால்தான். ஒன்பது கிலோமீட்டரும் உடைந்த துண்டுகளை உள்ளே போட்டு அரைத்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள்.

இனி, ஏன் உடைந்தது. "மட்டமான ஜாயின்ட்" என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். சந்தையில் மட்டமான ஜாயின்ட் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் சூழலில் கம்பெனி ஜாயின்ட்டும் உடைந்திருக்கும். ஒரு வாக்கியத்துக்குள் நான்கு தவறுகளைச் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள்: முழு ஒடிப்பு, லோ, ரிவர்ஸ் ஏற்றம், மிதித்தது.

சக்கரம் நேராக இருக்கும்போது ஆறு குண்டுகளும் சுமையைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். ஸ்டியரிங்கை ஒடிக்க ஒடிக்க, குண்டுகள் தங்கள் பள்ளங்களில் முன்னும் பின்னும் ஓடத் தொடங்கும். முழுதாக ஒடித்த நிலையில் ஒரு பக்கத்துக் குண்டு கிண்ணத்தின் வாயோரம் வந்து நிற்கும். கிண்ணத்தின் சுவர் அங்கேதான் மெலிசு, பிடிமானமும் குறைவு. சுமை எல்லாவற்றுக்கும் சமமாகப் போகாமல் ஒன்றிரண்டு குண்டுகள் மேலும் கூண்டின் மேலும் விழுகிறது. நேரான நிலையில் தாங்கும் முறுக்கை இந்த நிலையில் அந்த ஜாயின்ட்டால் தாங்க முடியாது.

அடுத்து முறுக்கு. எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும்) ஜிப்ஸியின் எஞ்சின் அதிகபட்சம் 103 நியூட்டன் மீட்டர் தரும். குட்டி எஞ்சின்தானே என்று நினைப்போம். முதல் கியர், முன்னுக்கும் பின்னுக்கும் முறுக்கை அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ, ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரம் மூன்றும் ஒன்றை ஒன்று பெருக்கி, சக்கரங்களுக்குப் போய்ச் சேரும்போது அது மொத்தம் 3,000 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ரிவர்ஸ் கியரின் விகிதம் முதல் கியரை ஒட்டியே வரும், பெரிய வித்தியாசம் கிடையாது. நான்கு சக்கரமும் நன்றாகப் பிடித்திருந்தால் ஆளுக்குக் கால் பங்கு. ஆனால் ஜிப்ஸியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லை. ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். பின் சக்கரங்கள் வழுக்கினால் மிச்சம் முழுவதும் முன் ஆக்ஸிலுக்கு வரும்.

ரிவர்ஸில் ஏறும்போது நடப்பது அதுவேதான். மேலே இருப்பது பின் சக்கரம், கீழே இருப்பது முன் சக்கரம். வண்டியின் எடை கீழ்ப்பக்கம் சாய்கிறது. பின் சக்கரம் லேசாகி வழுக்குகிறது. முன் சக்கரம் பாறையில் அழுந்திப் பிடித்துக்கொள்கிறது. எஞ்சின் தரும் முறுக்கில் பெரும்பங்கை முன் ஜாயின்ட் இரண்டும் மட்டும் சுமக்கின்றன, அதுவும் முழுதாக ஒடித்த நிலையில். முன்பக்கமாக ஏறும்போது முன் சக்கரம் லேசாக இருப்பதால் வழுக்கிவிட்டு ஜாயின்ட்டைக் காப்பாற்றிவிடும். ரிவர்ஸ் ஏற்றத்தில் அந்தக் கருணை கிடையாது. முன் ஆக்ஸில் உடைந்து பட்டறைக்கு வரும் வண்டிகளிடம் "ரிவர்ஸா?" என்று கேட்டால் பெரும்பாலும் ஆமாம் என்ற பதில்தான் வருகிறது.

டயரையும் விட்டுவிட முடியாது. கம்பெனி டயர் 205/70 ஆர்15, விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர். உங்கள் 31 இன்ச் டயர் சுமார் 787. பிடிமானம் அதேதான் என்று வைத்துக்கொண்டாலும், டயர் வழுக்குவதற்கு முன் ஜாயின்ட் தாங்க வேண்டிய முறுக்கு ஏறக்குறைய 18 சதவீதம் கூடிவிட்டது. மட் டயரின் பிடிப்பும் எடையும் அதற்கு மேல். காற்றில் சுற்றிக்கொண்டிருக்கும் கனமான டயர் திடீரென்று பாறையைப் பிடிக்கும் அந்த நொடியில் வரும் அடி, மேலே சொன்ன கணக்குகளையெல்லாம் மீறியது. உடைவது அநேகமாக அந்த நொடியில்தான். (போகிற போக்கில்: கம்பெனி அளவை மீறி வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் சிக்கும் விஷயம். 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்திருப்பது நல்லது.)

குரோமாலி ஜாயின்ட் போடலாமா என்ற கேள்விக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். அது நல்ல சாமான், சந்தேகமில்லை. கோவாவில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரிப் போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு அது தேவை. அவர்களுக்குப் பின்னால் உதிரிபாகம் ஏற்றிய வண்டியும் மெக்கானிக்கும் வருவார்கள். உங்கள் வண்டியில் அந்த ஜாயின்ட் இப்போது ஒரு ஃபியூஸ் வேலை பார்க்கிறது. அதைத் தடிமனாக்கினால் உடைவது நிற்காது, வேறு இடத்துக்கு நகரும். அடுத்து ஷாஃப்டின் முனையில் இருக்கும் பல்வரிசை முறுக்கும்; அதையும் மாற்றினால் கிரவுன் பினியன் பல் போகும். ஜாயின்ட் போனால் கையில் இருக்கும் கருவியை வைத்துக் காட்டிலேயே கழற்றிவிடலாம். கிரவுன் பல் போனால், உதிர்ந்த பல் உள்ளே மாட்டி ஆக்ஸிலே இறுகிக்கொள்ளும். அதைக் காட்டில் எதுவும் செய்ய முடியாது.

முன்னால் லாக்கர் என்பது இன்னும் மோசமான யோசனை. இப்போது டிஃபரன்ஷியல் திறந்த வகை என்பதால் ஒரு முன் சக்கரத்துக்கு வரும் முறுக்கு, மற்றச் சக்கரம் வழுக்கும் அளவைத் தாண்டாது. லாக்கர் போட்டால் அந்த உச்சவரம்பு போய்விடும். முன் ஆக்ஸிலின் முறுக்கு மொத்தமும் ஒரே ஜாயின்ட் மேல் விழலாம். அவசியம் போட்டே ஆக வேண்டும் என்றால் பின்னால் போடுங்கள். பின் ஷாஃப்டுகள் திரும்புவதில்லை, நேராகவே சுற்றுகின்றன. பின் ஆக்ஸில் அதிகம் இழுத்தால் முன் ஆக்ஸிலின் பாரமும் குறையும்.

அதற்கெல்லாம் முன்னால் செலவில்லாத வேலை ஒன்று இருக்கிறது. நக்கிளில் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பலாம் என்று நிறுத்தும் ஸ்டாப் போல்ட் இருக்கிறது. பெரிய டயர் போட்ட பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை. கொஞ்சம் வெளியே எடுத்து லாக் நட்டை இறுக்கினால் சக்கரம் திரும்பும் கோணம் சில டிகிரி குறையும். திரும்பும் வட்டம் சற்றுப் பெரிதாகும். டயர் பட்டையில் உரசுவதும் நிற்கும். குண்டு கிண்ணத்தின் வாய்வரை வராது. இதைச் செய்துவிட்டு, ஃப்ரீ வீல் ஹப்பைத் தேடி எடுத்துத் திரும்பவும் மாட்டுங்கள். ஃபிக்ஸட் ஃபிளேஞ்ச் உறுதியானது என்று சொல்லி மாற்றிவிடுகிறார்கள். உறுதிதான். ஆனால் உடைந்த பிறகு இரண்டு ஹப்பையும் கையால் ஃப்ரீக்குத் திருப்பினாலே பாதிப் பிரச்சினை அடங்கியிருக்கும்.

சரி, உடைந்த இடத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? சத்தம் கேட்டதும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பது முதல் வேலை. இன்னொரு முறை மிதித்துப் பார்ப்பதுதான் எல்லோருக்கும் வருகிற ஆசை. அந்த இரண்டாவது மிதியில்தான் கிண்ணத்துத் துண்டு நக்கிள் சுவரைக் கீறுகிறது. வண்டியைச் சரிவிலேயே ஜாக்கி போட்டுத் தூக்காதீர்கள். நீங்கள் செய்தபடி கயிறு கட்டிச் சமதளத்துக்கு இழுத்தது சரி. இழுக்கும்போதும் ஸ்டியரிங் திரும்புகிறதா என்று ஒருவர் மெதுவாகப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

சமதளத்தில் பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்கி, கழற்றிய சக்கரத்தைச் சேஸிஸுக்கு அடியில் தள்ளி வையுங்கள். ஜாக்கி சரிந்தால் வண்டி உங்கள் மேல் விழாமல் டயர் மேல் உட்காரும். பிரேக் காலிப்பரைக் கழற்றிக் கட்டுக்கம்பியால் பட்டையோடு கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் உள்ளுக்குள் கிழியும், வெளியே தெரியாது. பிறகு ஃபிளேஞ்ச், சர்க்லிப் (பூட்டு வளையம்), லாக் நட், வெளி பேரிங், ஹப், டிஸ்க் என்று ஒவ்வொன்றாக வரும். கழற்றிய வரிசையிலேயே சுத்தமான சாக்கில் அடுக்கி வைத்தால் மாட்டும்போது குழப்பம் இல்லை. ஸ்டப் ஆக்ஸிலின் (ஹப் உட்காரும் குட்டைக் குழாயின்) போல்ட்டுகளை எடுத்துவிட்டு மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டினால் அது கழன்றுவிடும். அதன் பின்னால் ஜாயின்ட்டும் ஷாஃப்டும் ஒரே துண்டாக வெளியே வரும், உடையாமல் இருந்தால். உடைந்திருந்தால் கிண்ணம் தனியாகவும் ஷாஃப்ட் தனியாகவும் வரும்.

குண்டுகளை எண்ணுங்கள். ஆறும் கைக்கு வர வேண்டும். ஐந்துதான் கிடைத்தது என்றால் ஆறாவது உள்ளேயே இருக்கிறது. காந்தத்தை விட்டுத் துழாவுங்கள். கூண்டின் துண்டுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் முழு வளையம் வருகிறதா என்று தெரியும். இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு மூடிவிடுகிறார்கள்.

கையில் மாற்று ஷாஃப்ட் இருந்தால் டீசலில் உள்ளே கழுவி, மாலிப்டினம் கிரீஸ் அடைத்து மாட்டிவிடலாம். இல்லையென்றால் ஷாஃப்ட் இல்லாமலேயே வண்டியைக் கட்டலாம். ஜிப்ஸியில் சக்கரத்தைத் தாங்குவது ஷாஃப்ட் இல்லை. ஸ்டப் ஆக்ஸிலின் மேல் இருக்கும் இரண்டு பேரிங்குகள்தான். ஷாஃப்டை எடுத்துவிட்டாலும் சக்கரம் எங்கேயும் போகாது. ஆனால் ஷாஃப்ட் எடுத்த ஓட்டை வழியாக டிஃபரன்ஷியல் எண்ணெய் நக்கிளுக்குள் வந்து, ஸ்டப் ஆக்ஸில் வழியாகப் பிரேக் வரை போகும். ஒரு துணியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஆக்ஸில் குழாயில் இறுக்கமாக அடையுங்கள். துணியின் வால் கொஞ்சம் வெளியே நீட்டியிருக்கட்டும். பட்டறையில் அதை மறந்துவிட்டுப் புது ஷாஃப்டைக் குத்துகிறவர்கள் உண்டு. அடுத்த பக்கத்து ஃபிளேஞ்சையும் கழற்றிவிட்டு இரண்டு பக்கத்து வாயையும் பிளாஸ்டிக் போட்டு டேப் சுற்றி மூடுங்கள். இனி முன் ஆக்ஸில் வெறும் சக்கரம் தாங்கிதான். ஃபோர் வீல் லிவரைத் தொடவே கூடாது.

வீல் பேரிங்கை மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சுற்றுவது கனமானதும் சிறிது தளர்த்தி, ஆட்டம் இல்லாமலும் இறுக்கம் இல்லாமலும் நிறுத்த வேண்டும். லாக் வாஷரின் காதை மடக்க மறக்காதீர்கள். கிளம்புவதற்கு முன் பிரேக்கை நாலைந்து முறை மிதித்துப் பாருங்கள். முதல் மிதி பள்ளமாகப் போகும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் போனதும் நிறுத்தி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நட் இறுகிவிட்டது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஷாஃப்டை எடுத்துவிட்டு ஓட்டலாம் என்பது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஜீப் ராங்லர் போன்ற வண்டிகளில் ஹப் பேரிங் ஒரே யூனிட்டாக வருகிறது. அதை இறுக்கிப் பிடித்திருப்பது நடுவில் இருக்கும் ஷாஃப்டும் அதன் பெரிய நட்டும்தான். அங்கே ஷாஃப்டை முழுதாக எடுத்துவிட்டு ஓட்டினால் பேரிங் பிரிந்து சக்கரமே கழன்றுவிடலாம். உடைந்த உள்பகுதியை எடுத்துவிட்டு, வெளித்துண்டை மட்டும் ஹப்பில் திரும்ப நுழைத்து நட்டைக் கம்பெனி சொன்ன இறுக்கத்துக்கு முறுக்கித்தான் ஓட்ட வேண்டும். தனித்தனிச் சஸ்பென்ஷனும் டிரைவ் ஷாஃப்டும் உள்ள வண்டிகளிலும் ஷாஃப்ட் இல்லாமல் ஓட்டலாமா என்பதைக் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருப்பவர்களுக்கு வேறு கதை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தலைமுறை வண்டிகளின் முன் ஷாஃப்டில் பெரும்பாலும் கிராஸ் ஜாயின்ட்தான் (நான்கு முனையிலும் கப் மாட்டிய சிலுவை) இருக்கும். கிராஸின் குணம் என்னவென்றால் கோணம் கூடக் கூடச் சுற்று சீராக இருக்காது. 30 டிகிரி ஒடித்தால் ஒவ்வொரு சுற்றிலும் சக்கரத்தின் வேகம் ஏறக்குறைய 13 சதவீதம் இறங்கி 15 சதவீதம் ஏறும். ஸ்டியரிங்கில் ஒரு துடிப்பாக அது கைக்கே தெரியும். இது உடைவதற்கு முன் சொல்லிவிட்டு உடையும்: கப்பைப் பிடித்திருக்கும் சர்க்லிப் தெறிக்கும், கப் நகரும், பிறகு ஷாஃப்டின் காது கிழியும். காது கிழிவதற்கு முன் கவனித்தால் ஒரு கிராஸ், நான்கு சர்க்லிப், சுத்தியல், பொருத்தமான இரண்டு பாக்ஸ் ஸ்பேனர் போதும். காது கிழிந்துவிட்டால் ஷாஃப்டே போச்சு.

பேட்டரி வெல்டிங் உண்மைதான். இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாக இணைத்தால் 24 வோல்ட். நல்ல ஜம்பர் கேபிளும் மெல்லிய வெல்டிங் ராடும் இருந்தால் பற்ற வைக்கலாம். ஆனால் பேட்டரிகளை வண்டியிலிருந்து முழுதாகக் கழற்றி வெளியே வைத்துத்தான் செய்ய வேண்டும். வண்டியோடு இணைத்துவைத்து அடித்தால் உங்கள் எம்.பி.எஃப்.ஐ. கம்ப்யூட்டரும் ஆல்டர்னேட்டரும் போய்விடும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒரு பொறியில் வெடிக்கும். அதனால் வெல்டிங் அடிக்கும் இடத்திலிருந்து கேபிள் நீளும் தூரத்துக்குப் பேட்டரியைத் தள்ளி வைத்து, மேலே ஈரச்சாக்கு போட வேண்டும். வெல்டிங் கண்ணாடி இல்லையென்றால் இந்தப் பேச்சே வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும். அந்த நாளில் ஒரு பொறி என்ன செய்யும் என்று வனத்துறையினரைக் கேட்டால் சொல்வார்கள்.

இவ்வளவும் செய்து எதை ஒட்டுவது? பட்டையின் ஹேங்கர், ஷாக் பிராக்கெட், இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் நடுக்குழாய் இவற்றுக்கு அது உதவும். ஜாயின்ட், ஷாஃப்ட், டை ராடு எண்ட் எல்லாம் கடினப்படுத்திய எஃகு. வெல்டிங் சூட்டில் அவை நொறுங்கும் குணத்துக்கு மாறிவிடும். ஒட்டியது மாதிரி இருக்கும், ஓட்டும்போது போகும். எனவே உங்களுக்கு நடந்த உடைவுக்குப் பேட்டரி வெல்டிங்கால் எந்தப் பயனும் இருந்திருக்காது.

டை ராடு வளைந்தால் வெல்டிங் வேண்டியதில்லை. கழற்றி, இரண்டு மரங்களின் கவட்டில் வைத்து நெம்பியோ ஜாக்கியால் அழுத்தியோ ஓரளவு நேராக்கலாம். நேராக்கிய இடம் மறுபடி வளையத் துடிக்கும். அதன் மேல் ஆங்கிளோ நீளமான ஸ்பேனரோ வைத்து ஹோஸ் கிளாம்ப்பும் கட்டுக்கம்பியும் போட்டு இறுக்கிவிட்டால் நடை வேகத்தில் ஊர் வந்து சேரலாம். நடை வேகம் என்றால் நடை வேகம்தான். தார் ரோட்டைப் பார்த்ததும் நாற்பதில் விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

என்னென்ன எடுத்துப் போவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பழைய ஜாயின்ட் உடையாத பக்கத்தில் இருக்கிறதே, அதைப் புதுசாக மாற்றும்போது குப்பையில் போடாமல் கழுவி கிரீஸ் தடவி, ஷாஃப்டோடு வண்டியில் வையுங்கள். இடது வலது ஷாஃப்டுகளின் நீளம் வேறு வேறு என்பதை மறக்காமல் இரண்டு பக்கத்துக்கும் ஒன்று வேண்டும். வீல் பேரிங் லாக் நட்டுக்குரிய பெட்டி ஸ்பேனர் இல்லாமல் வெளியே கிளம்பாதீர்கள். உளியால் தட்டி எடுத்த நட்டைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கும். சர்க்லிப் பிளையர், காந்தம், கட்டுக்கம்பி, ராட்செட் பெல்ட், ஒரு லிட்டர் கியர் ஆயில், கிரீஸ் டப்பா, லாக் வாஷர், வேஸ்ட் துணி. இவை ஒரு பழைய ஆர்மி பைக்குள் அடங்கிவிடும். வின்ச் வாங்கும் காசில் பாதிகூட ஆகாது.

இப்போது வண்டி உங்கள் வீட்டில் நிற்கிறது என்று நினைக்கிறேன். வலது ஜாயின்ட்டை மட்டும் மாற்றிவிட்டு மூடச் சொல்லாதீர்கள். டிஃபரன்ஷியல் எண்ணெயை வடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வடிகால் போல்ட்டில் மாவு மாதிரி ஒட்டியிருப்பது சாதாரணம். சில்லு வந்தால் கிரவுன் பினியனைக் கழற்றிப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சூடான ஆக்ஸில் ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அடைபட்ட பிரீதருக்கு (ஆக்ஸில் மூச்சு விடும் துளைக்கு) பதில் சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். பிரீதரில் ஒரு ஹோஸ் மாட்டி எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுபோனால் அது நிற்கும். நக்கிள் உருண்டையின் பின்னால் எண்ணெயும் கிரீஸும் கலந்து கறுப்பாக வழிந்தால் உள் ஆயில் சீல் போயிருக்கிறது. அந்தக் கலவையில் ஓடும் ஜாயின்ட்டுக்குச் சரியான மசகு கிடைக்காது; உங்கள் ஜாயின்ட் ஏற்கெனவே தேய்ந்திருந்ததா என்பதும் அப்போது தெரிந்துவிடும். உடையாத இடது ஷாஃப்டையும் வெளியே எடுத்து, பல்வரிசை நேராக இருக்கிறதா, முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். முறுக்கியிருந்தால் அடுத்த உடைவு அங்கேதான். அதை மேலே சொன்ன உதிரிப் பையிலும் வைக்காதீர்கள்.

60-இல் வரும் ஆட்டத்துக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் இரண்டும் ஒரே நக்கிளில் நடப்பதால் ஒரே நாளில் முடித்துவிடலாம். சக்கர பேலன்ஸை முதலில் பார்த்துவிடுங்கள். மட் டயரில் அது அடிக்கடி கெடும். அது சரியாக இருந்தால் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் கிங்பின் (நக்கிள் திரும்பும் அச்சு) பேரிங். ஜிப்ஸியில் நான் பந்தயம் கட்டுவது கிங்பின் மேல். மேலும் கீழும் இருக்கும் கிங்பின் மூடிகளுக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு இருக்கும். ஷிம்மைக் குறைத்தால் பேரிங் இறுகும். பேரிங் ஓடுபாதையில் பள்ளம் விழுந்திருந்தால் ஷிம்மோடு விளையாடாமல் செட்டையே மாற்றுங்கள். ஸ்டியரிங் டாம்பர் (ஸ்டியரிங் அதிர்வை அடக்கும் ஷாக்) புதுசு போட்டால் ஆட்டம் போய்விடும் என்று யாராவது சொன்னால், போய்விடும்தான், சில மாதங்களுக்கு. தேய்ந்த பேரிங் அப்படியேதான் இருக்கும். கிங்பின்னை முடித்த பிறகு டாம்பரைப் பற்றி யோசியுங்கள்.